தொடர்ச்சி ஆறாம் பக்கம்

மேல்நெல்லிப்பட்டு வடிவுக்கு ஒரு வியாதி இருந்தது. நர்சம்மா பையில் அதற்கு மாத்திரை கிடையாது. யாராவது கஷ்டப்பட்டு முன்னுக்கு வந்த கதையைப் பேப்பரில் போட்டிருந்தால், எல்லாரும் படித்துவிட்டு "அடேங்கப்பா" என்று மெச்சிக்கொண்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போவார்கள். வடிவு படித்துவிட்டு அழுவாள். அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்காது, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்களையும் நிம்மதியாகத் தின்ன விடமாட்டாள்.

குற்றத்தை அவள் மேல் போடாதீர்கள், புளியின் மேல் போடுங்கள். மாசி மாதம் பிறந்தால் ஊரில் புளி உலுக்குவார்கள். மகளிர் குழுவின் கொட்டகையில் பன்னிரண்டு பெண்கள் வட்டமாக உட்கார்ந்து ஓடு உடைத்து, நார் உரித்து, கொட்டை எடுத்து, மூங்கில் கூடையில் அடுக்கித் திருப்பத்தூர் மண்டிக்கு அனுப்புவார்கள். கூடைக்குள் விரிப்பதற்கு ஆலங்காயத்திலிருந்து பழைய பேப்பர் கட்டுக் கட்டாக வரும். முழு விரிப்பு கூடைக்குப் பெரிது. அதனால் நடு மடிப்பில் வைத்து அரிவாளால் ஒரே இழுப்பாக இழுத்து இரண்டாக்குவார்கள். அந்த வேலை வடிவுடையது. எட்டாவது வரை படித்தவள், தடுக்காமல் வாசிப்பவள் என்பதால், வெட்டுகிற தாளைக் கொட்டகைக்கே உரக்கப் படித்துக் காட்டும் வேலையையும் அவளாகவே எடுத்துக்கொண்டாள்.

இந்தச் சாதனையாளர் கட்டுரைகள் எழுதுகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. கஷ்டத்தையெல்லாம் முதல் பக்கத்தில் கொட்டிவிடுவார்கள். புருஷன் ஓடிப்போவான், குடிசை எரியும், கால் போகும். சரியாக அந்த இடத்தில் நிறுத்தி "தொடர்ச்சி 6-ம் பக்கம்" என்று போடுவார்கள். வெட்டியதும் ஆறாம் பக்கம் தனித் தாளாகிவிடும். அது எந்தக் கூடைக்குள் போனதோ, எந்த மண்டியில் கிடக்கிறதோ, யார் கண்டது? ஆகவே வடிவுக்குக் கிடைத்ததெல்லாம் மனிதர்களின் முதல் பாதிதான். மாமியார் வீட்டாரால் விரட்டப்பட்டு இரண்டு குழந்தைகளோடு நடுத்தெருவில் நின்ற ஒரு பெண், வடிவின் மனதில் மூன்று வருஷமாக அந்த நடுத்தெருவிலேயே நின்றுகொண்டிருந்தாள். கல் குவாரியில் கையை இழந்த ஒருவன் இன்னும் ஆஸ்பத்திரிக் கட்டிலை விட்டு இறங்கவில்லை.

எப்போதாவது பின்பாதி மட்டும் தனியாகக் கிடைக்கும். "இன்று இவரிடம் எண்பது பேர் வேலை பார்க்கிறார்கள்" என்று இருக்கும். நல்லா இருக்கட்டும், நமக்கின்னா என்று அதைக் கூடைக்குள் விரித்துவிடுவாள். நன்றாக இருப்பவர்களைப் பற்றி அவளுக்குப் பெரிய ஆர்வம் கிடையாது.

மற்றவர்களுக்குக் கார்டு போடுவாள். போஸ்ட் ஆபீசில் கார்டு வாங்கி, கட்டுரையில் இருக்கும் பெயரையும் ஊரையும் தொழிலையும் முகவரியாக எழுதி, நாலு வரி. 'அம்மா, அப்புறம் வீடு கிடைத்ததா?' 'ஐயா, உங்களுக்குச் சோறு ஊட்டுவது யார்? அவர்கள் சாப்பிட்டார்களா?' இருபது முப்பது கார்டு போயிருக்கும். ஒன்றுக்கும் பதில் வந்ததில்லை. சின்னக்குழந்தை என்கிற கொட்டகைத் தோழி, "ஊர்ல இருக்கறவங்களுக்கெல்லாம் கவலப்படறதுக்கு உனக்கு சம்பளமா குடுக்கறாங்க?" என்று கேலி செய்வாள். வடிவு கண்டுகொள்ள மாட்டாள்.

இதெல்லாம் சிரிப்பாகத்தான் இருந்தது, அருணாவுக்கு நாள் குறிக்கும் வரைக்கும்.

அருணா வடிவின் ஒரே பெண். ஒன்பது வயது. பள்ளிக்கூடம் போகும் ஏற்றத்தில் மற்ற பிள்ளைகள் ஓடும்போது இவள் பாதியில் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்து மூச்சு வாங்குவாள். அந்தக் கல்லுக்கு அருணா கல் என்றே பேர் வந்துவிட்டது. சோம்பேறி என்றுதான் வடிவும் திட்டிக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்துக்கு வந்த மருத்துவ முகாமில் காதில் குழாயை மாட்டிய டாக்டர் ஒருவர் நெடுநேரம் எடுக்கவே இல்லை. பிறகு வேலூருக்குக் கூட்டிப்போய் ஸ்கேன் எடுத்தார்கள். இதயத்தில் ஓட்டை. ஆபரேஷன் செய்து அடைத்துவிட்டால் மற்ற பிள்ளைகளைப் போல ஓடலாம். விட்டுவிட்டால் வயது ஏற ஏற மோசமாகும். பங்குனி ஐந்தாம் தேதி ஆபரேஷன் என்று இடம் ஒதுக்கி, பெற்றவர்கள் கையெழுத்துப் போட ஒரு தாளும் கொடுத்து அனுப்பினார்கள். வெள்ளிக்கிழமைக்குள் அது நர்சம்மா சிவசங்கரி கைக்கு வந்துவிட வேண்டும். வராவிட்டால் இடம் அடுத்த குழந்தைக்குப் போய்விடும், மறுபடி எப்போது என்று சொல்ல முடியாது.

வடிவு கையெழுத்துப் போடத்தான் இருந்தாள். போன வாரம் வரைக்கும் தைரியமாகத்தான் இருந்தாள். சனிக்கிழமை காலையில் புதுக் கட்டைப் பிரித்து வெட்டிக்கொண்டிருந்தபோது அந்தத் தாள் கையில் வந்தது.

"கண்ணீரைக் கடந்த தாய்" என்று தலைப்பு. ஆலங்காயத்தில் இட்லிக் கடை நடத்தும் அமுதவல்லி. இடுப்பில் கை வைத்துக்கொண்டு கடை வாசலில் தனியாக நிற்கிற படம். புருஷன் இல்லை. பதினோரு வருஷமாக ஒரு நாள்கூடக் கடையை மூடியதில்லை. ஒரே மகள் பூஜா, ஒன்பது வயது. பூஜாவுக்கு இதயத்தில் ஓட்டை. வடிவு உரக்கப் படித்துக்கொண்டு வந்தவள் அந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டாள். மீதியை மனசுக்குள் படித்தாள். 'பாதிக்குப் பாதிதான் சொல்ல முடியும் என்றார் டாக்டர். நடுங்கும் கையோடு அமுதவல்லி கையெழுத்துப் போட்டார். அதற்குப் பிறகு நடந்தது…' தொடர்ச்சி 6-ம் பக்கம்.

அன்றைக்குக் கொட்டகையே தலைகீழானது. ஆறாம் பக்கத்தைத் தேடி வடிவு கட்டை அவிழ்த்தாள், அடுக்கிய கூடைகளைக் கவிழ்த்தாள். சின்னக்குழந்தை திட்டிக்கொண்டே கூடத் தேடினாள். இல்லை. காலையில் முதல் லோடு போய்விட்டிருந்தது. அந்தத் தாளை வெட்டிய கையும் வடிவுடையதுதான் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. அன்று மாலையே கார்டு எழுதினாள்.

'அமுதவல்லி அம்மாவுக்கு, உங்கள் குழந்தை பிழைத்ததா? பிழைக்காவிட்டாலும் எழுதுங்கள். என் பெண்ணுக்கும் அதே ஓட்டை. வெள்ளிக்கிழமைக்குள் நான் கையெழுத்துப் போட வேண்டும். வடிவு, புளிக் கொட்டகை, மேல்நெல்லிப்பட்டு.'

தன் விலாசத்தை எழுதியது அதுதான் முதல் தடவை. அதுவரை போட்ட கார்டு எதிலும் எழுதியதில்லை. யார் நமக்குப் பதில் போடப் போகிறார்கள் என்கிற நினைப்பு. பதிலே வருவதில்லை என்று குறைப்பட்டுக்கொண்டவளும் இவள்தான், கேட்டுக்கொள்ளுங்கள்.

நர்சம்மா வந்து பொறுமையாகச் சொன்னாள். ஒவ்வொரு குழந்தைக்கும் ஒவ்வொரு மாதிரி, அருணாவுடையது சின்ன ஓட்டை, டாக்டர் பயப்பட வேண்டாம் என்றுதானே சொன்னார் என்றாள். துணை சுகாதார நிலையத்து வாசலில் நின்று போனில் அந்தக் கட்டுரையைத் தேடியும் பார்த்தாள். ஏகப்பட்ட அமுதவல்லிகள் வந்தார்கள், இட்லிக் கடை அமுதவல்லி மட்டும் வரவில்லை.

சடையன், அவள் புருஷன், தன்னால் ஆனதைச் சொன்னான். பேப்பரில் போடுகிற அளவுக்கு வந்திருக்கிறது என்றால் அந்தக் குழந்தை பிழைத்துத்தான் இருக்கும் என்றான். நியாயமான பேச்சுதான். ஆனால் வடிவு இத்தனை வருஷமாக அந்தப் பக்கத்தைப் படிக்கிறவள். மகன் செத்த பிறகு அவன் பேரில் படிப்பகம் திறந்த வாத்தியாரை அவளுக்குத் தெரியும். பெண்ணை விபத்தில் பறிகொடுத்துவிட்டு ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் இலவசமாக வேன் ஓட்டுகிற தகப்பனைத் தெரியும்.

"அந்தப் பக்கத்துல வரணும்னா வூட்ல ஒரு சாவாவது உழுந்திருக்கணும்" என்றாள் வடிவு. "கண்ணீரைக் கடந்த தாய்னா இன்னா அர்த்தம்? படத்துல அந்தம்மா ஒண்டியா நிக்குது, பாத்தியா? புள்ள எங்க?"

"நீ படிச்சவ. நீ போட்டா போடு, வேணாம்னா வேணாம்" என்று சொல்லிவிட்டுச் சடையன் சாமைக் கொல்லைக்குப் போய்விட்டான். அவனுக்கும் பயம். பயத்தைப் பெண்டாட்டி தலையில் இறக்கி வைத்துவிட்டுப் போகிற சௌகரியம் ஆம்பளைகளுக்கு இருக்கிறது.

புதன்கிழமை வரை பதில் வரவில்லை. இத்தனைக்கும் நடுவில் அருணா ஒன்றும் கேட்கவில்லை. பெரியவர்கள் பேசும்போது சுவரோரமாக உட்கார்ந்து புளியங்கொட்டையை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தாள். குழந்தைக்கு ஒன்றும் தெரியாது என்று வடிவு நினைத்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை காலை முதல் பஸ்ஸில் வடிவு ஆலங்காயத்துக்கு இறங்கினாள். ஒப்புதல் தாளை நாலாக மடித்துப் பைக்குள் வைத்திருந்தாள். காவலூர் தாண்டி ஒரு வளைவில் கீழிருந்து வரும் பஸ்ஸுக்கு வழிவிட இவள் பஸ் ஒதுங்கி நின்றது. இரண்டு பஸ்ஸும் உரசாத குறையாகக் கடந்தன. எதிர் பஸ்ஸின் ஜன்னலோரத்தில் ஒரு பெண், ஆஸ்பத்திரியில் கொடுக்கிற பெரிய கவரை மார்போடு அணைத்துக்கொண்டு, கண்டக்டரிடம் ஏதோ சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். யார் வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லையோ, பாவம் என்று வடிவு அவளுக்கும் சேர்த்துக் கொஞ்ச தூரம் கவலைப்பட்டுக்கொண்டே போனாள்.

ஆலங்காயத்தில் இட்லிக் கடையைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. பஸ் நிற்கிற இடத்திலேயே சொல்லிவிட்டார்கள். ஆனால் கடை மூடிக் கிடந்தது.

பதினோரு வருஷமாக ஒரு நாள்கூட மூடாத கடை. பக்கத்தில் பூக்கட்டிக்கொண்டிருந்தவளிடம் கேட்டாள். என்ன ஆச்சோ தெரியவில்லை, விடிகாலையிலேயே அவசரமாகப் பூட்டிக்கொண்டு போனாள், வீடு பின்னால்தான், போய்ப் பாரு என்றாள் அவள்.

பின்னால் ஒரு சந்து. சிமெண்டுத் தரையில் தண்ணீர்க் குடங்கள். வாசற்படியில் பதினைந்து பதினாறு வயதுப் பெண் ஒருத்தி, மடியில் புத்தகமும் கையில் உப்பு மிளகாய்த் தூள் தொட்ட மாங்காயுமாக உட்கார்ந்திருந்தாள். புத்தகத்தைப் பார்க்கிற பார்வையிலேயே அதன் மேல் அவளுக்கு ஏதோ பழைய பகை என்று தெரிந்தது.

"அம்மா இல்ல" என்றாள், வடிவு வாயைத் திறப்பதற்குள். "இட்லி நாளைக்குத்தான்."

வடிவு அங்கேயே நின்றாள். கேட்க வேண்டியது ஒரே ஒரு கேள்வி. அதற்காகத்தான் மலை இறங்கி வந்திருக்கிறாள். முகம் தெரியாதவர்களுக்குக் கார்டில் எதையும் கேட்டுவிடலாம். ஒரு வீட்டு வாசலில் நின்றுகொண்டு உங்கள் வீட்டுக் குழந்தை செத்துவிட்டதா என்று எப்படிக் கேட்பது? சுற்றி வளைத்து, "இந்த வூட்ல எத்தினி புள்ளைங்க, கண்ணு?" என்றாள்.

"நான் ஒருத்திதான்."

ஒன்பது வயதுப் பெண் ஒன்று இருந்திருக்க வேண்டும். போன வாரம் வந்த கட்டில் இருந்த குழந்தை. ஒரே மகள் என்று எழுதியிருந்ததே, இவள் யார், அக்காள் மகளா, தத்தா, என்னவென்று யோசிக்கக்கூட அப்போது மூளை ஓடவில்லை. ஒருத்திதான் என்றது மட்டும்தான் காதில் நின்றது. ஆக, இல்லை. அந்தக் குழந்தை இல்லை. சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னா ஆச்சு? தண்ணி வேணுமா?" அந்தப் பெண் மாங்காயைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள்.

"பூஜான்னு ஒரு கொழந்த" என்றாள் வடிவு. "ஒம்போது வயசு. நெஞ்சுல ஓட்டைன்னு பேப்பர்ல போட்டிருந்தது."

"நான்தான் பூஜா" என்றாள் அந்தப் பெண். "அது நான் நாலாவது படிக்கறப்ப போட்டது. ஆறு வருஷம் ஆவுது. இப்ப வந்து கேக்கறீங்க?"

வடிவு படியில் உட்கார்ந்துவிட்டாள். கட்டு போன வாரம் வந்தது, ஆகவே செய்தியும் போன வாரத்தது என்பதே இத்தனை வருஷமாக அவள் கணக்கு. தாளின் ஓரத்தில் தேதி என்று ஒன்று இருக்கும், அதை ஒரு நாளும் அவள் பார்த்ததில்லை. பூஜாவின் முகத்தையே பார்த்தாள். மூக்கில் ஒரு பரு. உதட்டோரம் மிளகாய்த் தூள். நல்ல ரத்தச் சிவப்பான உதடு. அருணாவின் உதடு போல வெளிறியதில்லை. வடிவு வாய்விட்டு அழ ஆரம்பித்தாள். பூஜா பாவம், பயந்தே போனாள்.

தண்ணீர் குடித்து மூச்சு விட்ட பிறகு வடிவு விஷயத்தைச் சொன்னாள். பூஜா சட்டைக் கழுத்தைக் கொஞ்சம் இறக்கித் தழும்பைக் காட்டினாள். கழுத்துக் குழிக்குக் கீழே ஆரம்பித்து நேராக இறங்கியிருந்தது.

"வலிக்குமா?"

"அதெல்லாம் இல்ல. வேர்த்தா அரிக்கும். பி.டி. பீரியட்ல எல்லாரும் ஓடறப்ப நானும் ஓடணும், அதுதான் பேஜாரு. மின்னெல்லாம் ஒக்காந்துகினே இருக்கலாம்."

உள்ளே சுவரில் அந்தக் கட்டுரையைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். இரண்டு பாதியும் அருகருகே. வடிவு எழுந்துபோய் வாழ்க்கையில் முதன்முறையாக முதல் பாதியோடு சேர்த்து ஓர் ஆறாம் பக்கத்தைப் படித்தாள். ஆபரேஷன் நல்லபடி முடிந்ததும், அதன் பிறகு இப்படிப்பட்ட குழந்தைகளின் தாய்மாருக்கு அமுதவல்லி துணையாக ஆஸ்பத்திரிக்குப் போய் உட்கார்ந்திருப்பதும் எழுதியிருந்தது. கடைசியில், 'பூஜா இன்று வகுப்பில் முதல் மாணவி' என்று முடிந்திருந்தது.

"அது சுத்தப் புளுகு" என்றாள் பூஜா பின்னாலிருந்து. "அம்மா சொல்லிச்சு, அவரு எழுதிட்டாரு. அரையாண்டுல நான் கணக்குல பெயில்."

வடிவு சிரித்தாள். அழுத முகத்தோடு அப்படி ஒரு சிரிப்பு. கணக்கில் பெயிலான ஒரு பிள்ளையைப் பார்த்து உலகத்தில் எவரும் அவ்வளவு சந்தோஷப்பட்டிருக்க மாட்டார்கள்.

"ஆமா, அம்மா எங்க போச்சு?" என்று அப்போதுதான் கேட்டாள்.

"நேத்து சாய்ங்காலம் ஒரு கார்டு வந்துது. மலையில யாரோ வடிவாம். அத்தப் படிச்சிட்டு ராத்திரியெல்லாம் பொலம்பல். வெள்ளிக்கெழமைக்குள்ள லெட்டர் போய்ச் சேராது, நானே போறேன்னு என் பழைய ஸ்கேனெல்லாம் கவர்ல போட்டுகினு காலையில பஸ் ஏறிடுச்சு." பூஜா வடிவை மேலும் கீழும் பார்த்தாள். "நீங்கதானா அது?"

கண்டக்டரிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்த பெண். வடிவு தலையில் கை வைத்துக்கொண்டாள்.

பூஜா அம்மாவுக்குப் போன் போட்டாள். மலையில் சிக்னல் கிடைத்தால்தானே? ஏழெட்டுத் தடவை போட்ட பிறகு மணி அடித்தது. நர்சம்மாவின் துணை நிலையத்து வாசலுக்கு அமுதவல்லி வந்திருந்தாள் போலிருக்கிறது. நீ தேடிப் போன ஆள் இங்கே வந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிறது என்று பூஜா சொன்னதும், அந்தப் பக்கம் ஒரு கூச்சல், சிரிப்பு, சடையன் குரல்கூடக் கேட்டது. வடிவு போனை வாங்கி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அங்கே போன் கை மாறியது.

"அம்மா." அருணா. குரலை மிகவும் தணித்துப் பேசினாள். "இந்த அம்மா சொல்லுது, அவங்க பொண்ணு இருக்குதுன்னு. நெஜமாவே இருக்குதா? நீ பாத்தியா?"

சுவரோரம் உட்கார்ந்து கொட்டை அடுக்கிக்கொண்டிருந்த பெண் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். பாதிக்குப் பாதி, வீட்டில் ஒரு சாவு, படத்தில் புள்ளை எங்கே, எல்லாவற்றையும். ஐந்து நாளாக யாரையும் கேட்காமல் வைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள்.

"பாத்தேன்டி கண்ணு" என்றாள். "என் எதுர்லதான் நிக்குது. மாங்கா துன்னுகினு நிக்குது. தழும்பத் தொட்டுப் பாத்தேன்."

தொடவில்லை. ஆனால் சொல்லி முடித்தவுடன் கையை நீட்டிப் பூஜாவின் கழுத்தடியில் ஒரு விரலால் தொட்டுவிட்டாள். பூஜா கூசி நெளிந்தாலும் விலகவில்லை.

"அப்ப போடும்மா" என்றாள் அருணா.

வடிவு பைக்குள்ளிருந்து தாளை எடுத்துப் பிரித்தாள். பூஜா தன் கணக்குப் புத்தகத்தை அடியில் கொடுத்து, பேனாவையும் கொடுத்தாள். கை நடுங்கவில்லை என்று நான் சொன்னால் அது பேப்பர்க்காரன் புளுகு. நடுங்கத்தான் செய்தது, வடிவின் 'டி' கொஞ்சம் கோணிக்கொண்டுதான் விழுந்தது. கீழே தேதி என்று ஒரு கோடு இருந்தது. வடிவு பூஜாவிடம் இன்றைக்கு என்ன தேதி என்று கேட்டு, வருஷத்தோடு சேர்த்து, ஒவ்வொரு எண்ணாக எழுதினாள்.